படம் வேறு, டிஸ்க் வேறு: டிஸ்க் விமர்சனம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பார்ப்பதற்காக வெளியாகும் டிவிடி, புளூரே, 4கே டிஸ்க்குகளைப் பற்றிப் பல வருடங்களாக எழுதிவருகிறேன். சினிமாவும் உண்டு, தொலைக்காட்சித் தொடர்களும் உண்டு. கேட்கிறவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துபோனதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

படத்தைப் பற்றித்தான் எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்களே, டிஸ்க்குக்கு எதற்குத் தனியாக ஒரு விமர்சனம்?

கல்யாணத்துக்குப் போய்வந்தவரிடம் "மாப்பிள்ளை எப்படி?" என்று கேட்பது ஒன்று, "சாப்பாடு எப்படி?" என்று கேட்பது இன்னொன்று. டிஸ்க் விமர்சகன் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறவன். மாப்பிள்ளை தங்கமானவராக இருக்கலாம், ரசம் உப்புக் கரிக்கலாம்.

ஒரு உதாரணம். கிளாடியேட்டர் படம் 2000-இல் வந்தது. அது நல்ல படமா இல்லையா என்று யாரும் என்னிடம் கேட்கப் போவதில்லை. ஆனால் 2009-இல் அது புளூரேயில் வந்தபோது, ஆரம்பப் போர்க்காட்சியில் பறந்துகொண்டிருந்த அம்புகள் சில பிரேம்களில் காணாமல் போயிருந்தன. வில்லாளிகள் எய்கிறார்கள், நடுவானில் அம்பைக் காணோம். பிலிமில் ஒட்டியிருக்கும் தூசியைத் தானாகக் கண்டுபிடித்து அழிக்கும் மென்பொருள், வேகமாகப் போகும் சின்ன அம்பையும் தூசி என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். கல் பொறுக்குகிறேன் என்று அரிசியையும் சேர்த்து எறிந்த கதை. டிஸ்க் விமர்சகர்களும் ரசிகர்களும் போட்ட சத்தத்தில் 2010-இல் புதிய மாஸ்டரிலிருந்து (டிஸ்க் செய்வதற்கு மூலமாக வைக்கும் பிரதி) மறுபடி வெளியிட்டார்கள். ஒரே படம், ஒரே மாதிரி அட்டை, உள்ளே இரண்டு வேறு பொருள்கள். இதில் எதை வாங்குவது என்று சொல்வதற்கு ஒருவர் வேண்டுமே.

இந்தக் காலத்தில் யார் சார் டிஸ்க் வாங்குகிறார்கள்?

குறைவாகத்தான் வாங்குகிறார்கள். தபாலில் டிவிடி வாடகைக்கு அனுப்பித் தொழிலை ஆரம்பித்த நெட்ஃபிளிக்ஸ், அந்தச் சேவையை 2023 செப்டம்பரோடு மூடிவிட்டது. சாம்சங் புதிய புளூரே பிளேயர்கள் செய்வதை 2019-லேயே விட்டுவிட்டது. இதையெல்லாம் மறைத்து "டிஸ்க் திரும்பி வருகிறது" என்று நான் எழுத மாட்டேன்.

இன்னும் வாங்குகிறவர்கள் இரண்டு காரணத்துக்காக வாங்குகிறார்கள். ஒன்று, இணையச் சேவையிலிருந்து ஒரு படம் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும், அலமாரியிலிருந்து மறையாது. இரண்டாவது தரம். இணையத்தில் 4கே படம் பார்க்க நொடிக்கு 15 மெகாபிட் வேகம் போதும் என்கிறார்கள். 4கே டிஸ்க்கில் நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேலேகூடப் போக இடம் உண்டு. பகல் வெளிச்சத்தில் எடுத்த, இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியில் இந்த வித்தியாசம் தெரியாது. மழை, புகை, இருட்டில் நகரும் கூட்டம் இதிலெல்லாம் பளிச்சென்று தெரியும்.

டிவிடி, புளூரே, 4கே: சுருக்கமாக என்ன வித்தியாசம்?

நம் ஊர்க் கணக்கில் விசிடியிலிருந்து ஆரம்பிப்போம். விசிடியின் ஒரு பிரேமில் சுமார் 1 லட்சம் புள்ளிகள். டிவிடியில் சுமார் நாலு லட்சம், அமெரிக்க டிவிடியானால் மூன்றரை லட்சம். புளூரேயில் 20 லட்சத்துக்குச் சற்று மேல். 4கேயில் 83 லட்சம். கொள்ளளவு என்று பார்த்தால் டிவிடி 4.7 அல்லது 8.5 ஜிபி, புளூரே 25 அல்லது 50, 4கே டிஸ்க் 50, 66 அல்லது 100.

ஆனால் புள்ளிக் கணக்கை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். மோசமான மாஸ்டரிலிருந்து செய்த 4கே டிஸ்க்கைவிட, நன்றாகச் செய்த புளூரே எத்தனையோ மேல்.

விமர்சனம் எழுத ஆரம்பிக்க என்னென்ன சாதனம் வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஒரு நல்ல டிவி, எல்லா வட்டார டிஸ்க்கும் ஓடும் ஒரு பிளேயர், காதுக்கு நேர்மையான ஒரு ஹெட்போன். லட்ச ரூபாய் புரொஜெக்டர் இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டால் குறையில்லை. இருப்பது என்ன என்பதை விமர்சனத்தில் எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். 43 அங்குல டிவியில் பார்த்துவிட்டு "கூர்மை அபாரம்" என்று எழுதினால், 100 அங்குலத் திரை வைத்திருப்பவர் அதற்கேற்றபடி எடுத்துக்கொள்வார்.

சாதனத்தைவிட முக்கியம் டிவியின் செட்டிங். கடையில் பளபளவென்று தெரிவதற்காக வைத்த "விவிட்" மோடில் பார்த்து நிறத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பட்டுப்புடவை எடுப்பது போல. சினிமா மோடு அல்லது ஃபிலிம்மேக்கர் மோடு இருந்தால் அதில் வையுங்கள். பிரேமுக்கு நடுவே டிவி தானாகப் புதுப் பிரேம் செய்து சொருகுகிற வசதி ஒன்று இருக்கும், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். அதை முதலில் அணையுங்கள். பெரிய பட்ஜெட் படம்கூட மெகா சீரியல் மாதிரி தெரிவது அதனால்தான். 2018-இல் டாம் குரூஸ் வேலை மெனக்கெட்டு ஒரு வீடியோவில் வந்து இதை அணைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் நான் அணைப்பதும் வேறு யாரோ திரும்பப் போடுவதுமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

வட்டாரக் குறியீடு என்கிறீர்களே, அது என்ன?

ஒரு வட்டாரத்தில் விற்கும் டிஸ்க் இன்னொரு வட்டாரத்துப் பிளேயரில் ஓடாதபடி போடும் பூட்டு. டிவிடியில் உலகத்தை ஆறாகப் பிரித்தார்கள். இந்தியாவும் இலங்கையும் 5, அமெரிக்கா 1, பிரிட்டன் 2, மலேசியாவும் சிங்கப்பூரும் 3. புளூரேயில் மூன்றே பிரிவுகள்: அமெரிக்கா, ஜப்பான், மலேசியா, சிங்கப்பூர் "ஏ", ஐரோப்பா, ஆஸ்திரேலியா "பி", இந்தியா "சி". 4கே டிஸ்க்குகளுக்கு வட்டாரப் பூட்டு கிடையாது. கோயம்புத்தூரில் இருக்கிற உங்கள் பிளேயரில், லண்டனிலிருந்து மாமா வாங்கிவந்த புளூரே ஓடாமல் போனால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள். அது "பி" என்று பூட்டிய டிஸ்க்காக இருக்கலாம். பூட்டே போடாமல் வருவதும் நிறைய உண்டு, அதனால் பூட்டு இருக்கிறதா இல்லையா என்று விமர்சனத்தில் கட்டாயம் குறிப்பிடுவேன்.

கூடவே இன்னொரு விஷயம். நொடிக்கு 24 பிரேம் எடுத்த படத்தை, ஐரோப்பாவிலும் நம் பக்கத்திலும் இருந்த பால் (PAL) என்கிற ஒளிபரப்பு முறை டிவிடியில் நொடிக்கு 25 என்று ஓட்டுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். காட்சி எதையும் வெட்டவில்லை, வேகம்தான் கூடியிருக்கிறது. சரிசெய்யாமல் விட்டால் சுருதியும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். சங்கீதம் தெரிந்தவர்கள் பாட்டுக்காட்சியில் உடனே நெளிவார்கள். "ஆறு நிமிடத்தைக் காணோம், சென்சாரா?" என்று மாதம் ஒருவராவது கேட்கிறார்.

டிஸ்க்கைப் போட்டதும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

எதையும் பார்க்க மாட்டேன், படத்தைப் பார்ப்பேன். முதல் தடவை பேனா, நோட்டு எதுவும் இல்லாமல் முழுப் படம். கண்ணை உறுத்தியது எது என்று மறுநாள் காலையில் நினைவிலிருந்து குறித்துக்கொள்வேன். எடுத்தவுடனே குறை தேட உட்கார்ந்தால் குறை கிடைத்துக்கொண்டேதான் இருக்கும், உறுத்தாத குறையெல்லாம் பெரிதாகத் தெரியும்.

இரண்டாம் தடவைதான் சோதனை. இருட்டுக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வேன். கறுப்புக் கோட்டுப் போட்டவர் கறுப்புச் சுவர் ஓரம் நின்றால், கோட்டின் மடிப்பு தெரிகிறதா, எல்லாம் ஒரே மைக் கறையா என்று பார்ப்பேன். அப்புறம் வானம். நீலம் மெதுவாக வெளுத்துக்கொண்டே போகவேண்டிய இடத்தில் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாக விழுந்தால், டிஸ்க்கில் அடக்குவதற்காகத் தகவலைச் சுருக்கியதில் கோளாறு. அப்புறம் வெளிச்சமான பின்னணியில் ஒரு மனிதரின் தோள் விளிம்பு. விளிம்பை ஒட்டி வெள்ளைக்கோடு ஒன்று சாமி படத்து ஒளிவட்டம் மாதிரி ஓடினால், செயற்கையாகக் கூர்மை ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய டிவிடிகளில் இது சர்வசாதாரணம்.

கடைசியாக ஒரு முகம். அதற்குத் தனிக் கேள்வியே வருகிறது.

நான் வாங்கிய புளூரேயில் படம் முழுக்கப் பொடிப் பொடியாகப் புள்ளி ஓடுகிறது. டிஸ்க் மோசமா?

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இது. பெரும்பாலும் பதில்: இல்லை, டிஸ்க் நல்ல டிஸ்க்.

பிலிமில் பிம்பம் பதிவதே வெள்ளி உப்பின் மிகச் சின்னத் துகள்களில்தான். கலர் பிலிமில் கழுவும்போது வெள்ளி போய்விடும், அது இருந்த இடத்தில் சாயப் பொட்டுகள் நிற்கும். பிரேமுக்குப் பிரேம் அந்தப் பொட்டுகள் விழும் இடம் மாறும், அதுதான் ஓடுகிற மாதிரி தெரிகிறது. முகத்தின் மீசை முடி, சட்டையின் நெசவு எல்லாமே இந்தத் துகள்களால் ஆனதுதான். அதைத் துடைத்தால் முடியும் நெசவும் சேர்ந்தே போகும்.

துடைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாடப்புத்தக உதாரணம் பிரடேட்டர். 1987 படம், காட்டுக்குள் எடுத்தது, இயல்பாகவே துகள் அதிகம். முதலில் வந்த புளூரே சொரசொரப்பாக இருந்தது. ஜனங்கள் குறைப்பட்டார்கள். 2010-இல் புதிய பதிப்பு கொண்டுவந்தார்கள், துகளை ஒட்ட வழித்துவிட்டு. ஆர்னால்டின் முகத்தைப் பார்த்தால் பொருட்காட்சியில் வைத்த மெழுகுபொம்மை. வியர்வை இருக்கிறது, வியர்வைத் துவாரம் இல்லை. பின்னால் இருக்கிற இலைகள் பச்சைச் சாந்து பூசிய மாதிரி. கடைக்காரர் காட்டும் டெமோவில் "ஆகா, எவ்வளவு சுத்தம்!" என்றுதான் தோன்றும். பத்து நிமிடம் போனதும் ஏதோ சரியில்லை என்று மனசுக்குப் படும்.

சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். பக்கத்திலிருந்து எடுத்த ஒரு முகத்தில் படத்தை நிறுத்துங்கள். கன்னத்தையும் நெற்றியையும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். புள்ளிகள் ஒவ்வொரு பிரேமிலும் வேறு இடத்துக்குப் போனால் அது பிலிம் துகள், நல்லது. முகம் அசையும்போதும் புள்ளிகள் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால், அல்லது சதுரம் சதுரமாகக் கட்டிக்கொண்டால், அது டிஸ்க் செய்தவர்கள் வேலை. அதைக் குறையாக எழுதலாம்.

இப்போது எதிர்த்திசையிலும் வியாதி ஆரம்பித்திருக்கிறது. 2024-இல் வந்த ட்ரூ லைஸ், ஏலியன்ஸ் 4கே டிஸ்க்குகளில் மென்பொருளைக் கொண்டு விவரங்களைக் கூர்தீட்டியிருந்தார்கள். துடைப்பது மட்டும் இல்லை, இல்லாததை வரைவதும் நடக்கிறது. அதிலும் ட்ரூ லைஸில் சில முகங்களைப் பார்த்துவிட்டு நான் டிவியைத்தான் சந்தேகப்பட்டேன்.

பழைய டிவிடியில் ஒரு நிறம், புதிய டிஸ்க்கில் வேறு நிறம். எது சரி?

சத்தியமாகச் சொல்கிறேன், பல நேரம் எனக்கே தெரியாது. படம் ரிலீசானபோது தியேட்டரில் ஓடிய பிரிண்டின் நிறம் என்ன என்பதற்குச் சாட்சி நம் ஞாபகம்தான், அதுவோ முப்பது வருடத்தில் சாயம் போயிருக்கும்.

டைரக்டரே ஒப்புக்கொண்ட நிறம் என்றால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்போம். தீராது. 1971-இல் வந்த தி பிரெஞ்ச் கனெக்‌ஷன் படத்தின் 2009 புளூரேக்கு, இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கினே உட்கார்ந்து நிறத்தை வெளிற வைத்துப் புதிதாகச் செய்தார். ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மனுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே கண்டித்தார். 2012-இல் வேறு நிறத்தில் மறுபடி வந்தது. பெற்றோர் இரண்டு பேரும் சண்டை போடும்போது பிள்ளை யார் ஜாடை என்று பக்கத்து வீட்டுக்காரன் சொல்லமுடியுமா? இப்படிப்பட்ட இடத்தில் "பழையதில் இப்படி இருந்தது, இதில் இப்படி இருக்கிறது, மாற்றியது இன்னார்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன். பிடித்ததா இல்லையா என்பதைத் தனி வரியில் சொல்வேன்.

"ரெஸ்டோர் செய்யப்பட்டது" என்று அட்டையில் போட்டிருந்தால் நம்பலாமா?

அந்த வார்த்தையை யார் வேண்டுமானாலும் போடலாம். தூசி தட்டியதற்கும் போடுகிறார்கள், எரிந்துபோன நெகடிவைப் பிழைக்க வைத்ததற்கும் போடுகிறார்கள்.

எரிந்த நெகடிவ் என்று சும்மா சொல்லவில்லை. சத்யஜித் ராயின் அபு மூன்று படங்களின் அசல் நெகடிவ்கள் 1993-இல் லண்டன் லேபரட்டரி ஒன்றில் நடந்த தீவிபத்தில் சிக்கின. கருகி, சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட அந்தச் சுருள்களைத் தூக்கி எறியாமல் அமெரிக்காவின் அகாடமி ஆவணக் காப்பகம் பத்திரப்படுத்தி வைத்தது. இருபது வருடம் கழித்து இத்தாலியில் பொலோன்யா நகரத்து லேபில் அவற்றை ஈரப்பதம் ஏற்றி இளக்கி, உருகிய ஒட்டுகளைப் பிரித்து, பிலிம் ஓரத்தில் உடைந்த பல் ஓட்டைகளைக் கையாலேயே கட்டி, 4கேயில் ஸ்கேன் செய்தார்கள். பதேர் பாஞ்சாலியில் சுமார் 40 சதவீதமும் அபராஜிதோவில் 60 சதவீதத்துக்கு மேலும் அசல் நெகடிவிலிருந்தே எடுக்க முடிந்தது. மூன்றாவது படமான அபுர் சன்சாரின் நெகடிவில் மிஞ்சியது உபயோகத்துக்கு ஆகவில்லை. மீதிக்கெல்லாம் பல நாட்டுக் காப்பகங்களில் இருந்த பிரதிகள். கிரைட்டீரியன் நிறுவனம் 2015-இல் புளூரேயாகக் கொண்டுவந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்தக் கதை தெரியாமல் அந்த டிஸ்க்கை விமர்சித்தால் தப்பாகிவிடும். ஒரு ஷாட் நெகடிவிலிருந்தும் அடுத்தது நகலிலிருந்தும் வந்தால், கூர்மை ஒரு படி ஏறும், இறங்கும். கதை தெரியாதவர் அதை "சீரற்ற தரம்" என்று எழுதிவிடுவார். மூலம் எது, யார் ஸ்கேன் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்று கூடவே வருகிற சின்னப் புத்தகத்தில் போட்டிருந்தால் அந்த நிறுவனத்தை நம்பலாம். வெறும் "டிஜிட்டலி ரீமாஸ்டர்டு" என்று தங்க எழுத்தில் அச்சடித்துவிட்டு வேறு ஒன்றும் சொல்லாவிட்டால், நான் கொஞ்சம் பின்வாங்குவேன்.

ஒலியை எப்படிச் சோதிப்பது?

ரிமோட்டைக் கையில் எடுக்காமல் எவ்வளவு நேரம் பார்க்க முடிகிறது என்று பாருங்கள். பேசும்போது கூட்டி, வெடிக்கும்போது குறைத்து என்று விரல் ஓயாமல் இருந்தால் வீட்டுக்கென்று யாரும் ஒலியைக் கவனிக்கவில்லை. ஒரு தடவை டிவியின் சொந்த ஸ்பீக்கரிலும் போட்டுப் பார்ப்பேன், வாசகர்களில் பாதிப் பேர் அப்படித்தான் கேட்கிறார்கள்.

பழைய படங்களுக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். மோனோவில், அதாவது ஒரே தடத்தில், கலந்த ஒலியைச் சுற்றி வைத்த ஆறு ஸ்பீக்கருக்கான 5.1 ஆக்குகிறேன் என்று துப்பாக்கிச் சத்தத்தையே புதிதாக மாற்றிவிடுவார்கள். 1984-இன் டெர்மினேட்டருக்கு அதுதான் நடந்தது. படம் பார்த்து வளர்ந்தவர்கள் அசல் மோனோ எங்கே என்று வருடக்கணக்கில் கேட்டார்கள், 2024-இல் வந்த 4கே டிஸ்க்கில் அதைச் சேர்த்தார்கள். அசல் ஒலி தனி டிராக்காக இருந்தால், கூட எத்தனை புது டிராக் இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சப்டைட்டிலையும் பார்ப்பீர்களா?

பார்ப்பேன். மொழி தெரிந்த படமாக இருந்தால் மொழிபெயர்ப்பையும் பார்ப்பேன். "போயிட்டு வரேன்" என்பதற்கு "நான் போய்விட்டுத் திரும்பி வருவேன்" என்று ஆங்கிலத்தில் போட்டு, விடைபெறுகிறவரை மிரட்டல்காரர் ஆக்கிய டிஸ்க்கெல்லாம் பார்த்தாகிவிட்டது.

தொலைக்காட்சித் தொடர்களை எப்படி விமர்சிப்பது? எல்லா எபிசோடையும் பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும். பார்க்காமல் பட்டதால் சொல்கிறேன். ஒரு தடவை 20-க்கு மேல் டிஸ்க்குகள் கொண்ட பாக்ஸ் செட் ஒன்று வந்தது. முதல் சீசனும் கடைசி சீசனும் பார்த்தேன், நடுவில் அங்கங்கே ஒன்று, "தரம் முழுக்கச் சீராக இருக்கிறது" என்று எழுதிவிட்டேன். இரண்டே வாரத்தில் வாசகர் ஒருவர் எழுதினார்: ஒன்பதாவது டிஸ்க்கில் நாலாவது எபிசோடு, பாதியில் உறைந்து நிற்கிறது, உங்கள் பிரதியில் எப்படி? போட்டுப் பார்த்தேன். அதே இடம், அதே பிரேம், கதாநாயகி கதவைத் திறக்கக் கையை நீட்டியபடி. அச்சு வார்த்ததிலேயே கோளாறு. நிறுவனம் பிறகு மாற்று டிஸ்க் அனுப்பியது, ஆனால் என் வார்த்தையை நம்பி வாங்கியவர்களுக்கு நான் மாற்றிக் கொடுக்க என்ன இருக்கிறது? அன்றிலிருந்து, பார்த்து முடிக்காத தொடருக்கு "இதுவரை பார்த்தது இத்தனை டிஸ்க்" என்று மேலேயே எழுதிவிடுகிறேன்.

தொடர்களில் படத்துக்கு இல்லாத தலைவலிகள் உண்டு. ஒன்று, பாட்டு. டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி என்று ஒரு அமெரிக்க நகைச்சுவைத் தொடர், 1978 முதல் 1982 வரை ஒளிபரப்பானது. ரேடியோ நிலையத்தில் நடக்கும் கதை, அதனால் அந்தக் காலத்து ஹிட் பாட்டெல்லாம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஒளிபரப்புக்கு வாங்கிய உரிமை டிஸ்க்குக்குச் செல்லாது. 2007-இல் டிவிடி வந்தபோது நிறையப் பாட்டுகளை எடுத்துவிட்டு யாரோ வாசித்த பொதுவான இசையைச் சொருகியிருந்தார்கள். 2014-இல் வேறு நிறுவனம் மெனக்கெட்டுப் பெரும்பாலான பாட்டுகளுக்கு உரிமை வாங்கி முழுத் தொடரையும் வெளியிட்டது. இது அட்டையில் தெரியாது. விமர்சகன்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, வரிசை. ஃபயர்ஃபிளை தொடரை 2002-இல் தொலைக்காட்சியில் கன்னாபின்னாவென்று வரிசை மாற்றி ஒளிபரப்பி, 11 எபிசோடோடு நிறுத்திவிட்டார்கள். மறு வருடம் வந்த டிவிடியில்தான் 14 எபிசோடும் எடுத்தவர்கள் நினைத்த வரிசையில் கிடைத்தது. டிஸ்க்தான் அசல், ஒளிபரப்புதான் சிதைந்த பிரதி என்று சொல்லக்கூடிய அபூர்வமான இடம்.

மூன்றாவது, டிவி சதுரமாக இருந்த காலத்துத் தொடரை இப்போதைய அகலத் திரைக்கு நீட்டுவது. இதில் நான் மதிக்கும் வேலை ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன். 35 மிமீ பிலிமில் எடுத்தார்கள், ஆனால் எடிட்டிங்கும் தந்திரக்காட்சி இணைப்பும் வீடியோ டேப்பில். அதாவது முடிந்த எபிசோடு என்று பிலிமில் எதுவுமே கிடையாது. புளூரேக்காக நெகடிவ் பெட்டிகளைத் தேடி எடுத்து, ஸ்கேன் செய்து, 178 எபிசோடையும் பழைய எடிட்டிங்குக்கு ஏற்ப மறுபடி கோத்து, தந்திரக்காட்சிகளை மறுபடி இணைத்தார்கள். 2012 முதல் 2014 வரை ஏழு சீசனும் வந்தது. இவ்வளவு செய்தும் சதுரத்தைச் சதுரமாகவே விட்டார்கள். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வருகிறதே என்று குறை சொல்லாதீர்கள், அதுதான் முழுப் படம். அகலமாக்கினால் தலைக்கு மேலும் முகவாய்க்குக் கீழும் வெட்டு விழும், இல்லாவிட்டால் ஓரத்தில் மைக் பிடித்தவர் கை தெரியும்.

கூடுதல் அம்சங்களுக்கு இவ்வளவு இடம் ஒதுக்குகிறீர்களே, யார் பார்க்கிறார்கள்?

நான் பார்க்கிறேன். படம் ஓடும்போதே டைரக்டர் அதைப் பற்றிப் பேசும் உரைத் தடம் என்பது 1984-இல் கிங்காங் லேசர் டிஸ்க்கில் (டிவிடிக்கு முந்தைய பெரிய தட்டு) ஆரம்பித்தது. பேசியவர் டைரக்டர்கூட இல்லை, ரொனால்ட் ஹேவர் என்கிற பட ஆவணக்காரர். நல்ல உரைத்தடம் ஒரு சினிமாப் பள்ளி வகுப்பு. மட்டமானது, "இவர் ரொம்ப நல்லவர், அன்றைக்கு ரொம்பக் குளிர்" என்று இரண்டு மணி நேரம். மூன்று நிமிட விளம்பரத் துண்டுகள் பத்து இருந்தாலும் என் கணக்கில் ஒன்றுதான்.

தமிழ்ப்பட டிஸ்க்குகளைப் பற்றி ஏன் குறைவாக எழுதுகிறீர்கள்?

ஆசை இல்லாமல் இல்லை. 2007-இல் மோசர் பேர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்தபோது, திருட்டு டிவிடி விலைக்கு நல்ல டிவிடி கிடைக்கிறதே என்று பை பையாக வாங்கினேன். அந்த நிறுவனமே இன்று இல்லை. ஐங்கரன் மாதிரி வெளிநாட்டுத் தமிழர்களை நம்பி நடந்த நிறுவனங்களின் டிவிடிகளும் அலமாரியில் கொஞ்சம் இருக்கின்றன.

தரத்தைப் பற்றிப் பொதுவாக ஒன்று சொல்லலாம். "மூன்று படம் ஒரே டிவிடியில்" என்று விற்றார்களே, அதன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரட்டை அடுக்கு டிவிடி என்றே வைத்துக்கொள்வோம், 8.5 ஜிபி. இரண்டரை மணி நேரப் படம் மூன்று, ஏழரை மணி நேரம். நொடிக்கு இரண்டரை மெகாபிட் தேறும், அதில் ஒலியும் அடக்கம். அந்த டிஸ்க் நொடிக்கு 9.8 மெகாபிட் வரை படத்துக்கே கொடுக்கும் திறன் உள்ளது. சண்டைக் காட்சியில் கதாநாயகன் சுழன்றால் உடம்பு சதுரக் கட்டங்களாக உதிர்வது அதனால்தான். இது போதாதென்று மூலையில் கம்பெனி லோகோ, பாட்டு நடுவே கடை விளம்பரம். பழைய படமானால் பிரிண்டிலிருந்தே எடுத்திருப்பார்கள், ரீல் மாறும் இடத்தில் கீறல் மழை கொட்டும்.

நன்றாகச் செய்ததும் இருக்கிறது. எனக்கு வருத்தம் என்னவென்றால், அவற்றைப் பற்றி அந்தக் காலத்திலேயே யாரும் எழுதவில்லை. எது நல்ல பிரதி என்று தெரியாமலே எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. உங்களிடம் லோகோ இல்லாத, வெட்டாத, கறுப்புப் பட்டையோடு முழு அகலமும் காட்டும் பழைய தமிழ் டிவிடி இருந்தால் எடைக்குப் போடாதீர்கள்.

நிறுவனங்கள் ஓசியில் டிஸ்க் அனுப்புகின்றனவா? அப்புறம் எப்படி நேர்மையாக எழுதுவது?

சில நேரம் அனுப்புகிறார்கள். அப்படி வந்தது என்றால் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவேன். இந்தியாவில் 2021-இல் விளம்பரத் தர அமைப்பும், 2023-இல் மத்திய நுகர்வோர் துறையும் இதற்கு வழிகாட்டுதல் கொண்டுவந்தன. இலவசமாக வாங்கியிருந்தால் சொல்லத்தான் வேண்டும். காசு கொடுத்து வாங்கியவன் கோபமும் ஓசியில் வாங்கியவன் கோபமும் ஒன்றில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அதனால் விலையை எப்போதும் எழுதிவிடுவேன். 3,000 ரூபாய் என்று எழுதும்போது கை தானாகக் கறாராகும்.

ஒருமுறை விளம்பரத்துக்காகத் தனியாகப் பதிவுசெய்த டிஸ்க் வந்தது, கடையில் விற்பதில் வேறு தரம். அதிலிருந்து கடையில் விற்கும் பிரதி கையில் வராமல் படத் தரத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை.

டிஸ்க்கிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவது சட்டப்படி சரியா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, 52-ஆம் பிரிவு, விமர்சனத்துக்காக நியாயமான அளவில் பயன்படுத்துவதை அனுமதிக்கிறது. குறையைக் காட்ட நாலைந்து பிரேம் போடுவது வேறு, கிளைமாக்ஸை முழுசாக ஏற்றுவது வேறு. ஆனால் போடும்போது சுருக்காமல் போடுங்கள். வாட்ஸப்பில் வந்த படத்தை வைத்துக்கொண்டு "கட்டம் தெரிகிறது பாருங்கள்" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். கட்டம் வாட்ஸப்பினுடையது.

ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை என்று ஒரே வரியில் சொல்லக்கூடாதா?

காட்சித் தரம், ஒலி, கூடுதல் அம்சம் மூன்றுக்கும் தனித்தனியாகப் போடுகிறேன். கூட்டிச் சராசரி போட மாட்டேன். சாம்பாருக்கும் பாயசத்துக்கும் சராசரி போட்டால் என்ன வரும்?

என்னிடம் டிவிடி இருக்கிறது. புளூரேயோ 4கேயோ வாங்க வேண்டுமா?

மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் படத்தை மறுபடி பார்ப்பீர்களா? உங்கள் திரை எத்தனை அங்குலம், எவ்வளவு தூரத்தில் உட்காருகிறீர்கள்? புதிய டிஸ்க் புதிய ஸ்கேனிலிருந்து வந்ததா, பழைய மாஸ்டருக்குப் புதுச் சட்டையா? கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாத வரை பர்ஸைத் திறக்காதீர்கள். டிஜிட்டல் கேமராவில் வீடியோ தரத்தில் எடுத்த 2000-களின் ஆரம்பத்துத் தொடர்கள் சிலவற்றுக்கு டிவிடியே அதிகம், புளூரேயில் தேடினாலும் கூடுதல் விவரம் கிடைக்காது.

டிஸ்க் கெட்டுப்போகுமா?

போகலாம். உள்ளே இருக்கும் அலுமினியப் படலத்தில் காற்று புகுந்தால் துருப்பிடிக்கிற மாதிரி அரிக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசிக்குத்து மாதிரி ஓட்டைகள், அல்லது ஓரத்தில் காப்பிக் கறை மாதிரி பழுப்பு. வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். அட்டை உறைக்குள் இறுக்கமாகச் சொருகிய பாக்ஸ் செட்டானால் எடுத்துப் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள். டிஸ்க்கை எடுக்கும்போது நடுவில் இருக்கும் பல்லை அழுத்தித்தான் எடுக்க வேண்டும், ஓரத்தைப் பிடித்து வளைத்தால் நடு ஓட்டையைச் சுற்றி மெல்லிய கீறல் விழும், முதலில் கண்ணுக்கே தெரியாது. துடைப்பதானால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக. வட்டமாகத் துடைப்பதுதான் நம் கை வழக்கம், எங்கள் வீட்டில் வேட்டி நுனியால் வட்டமாகத் துடைத்தே மூன்று விசிடிகளை என் அப்பா முடித்துவைத்தார்.